சம்பியன் அணி கலைந்த கோடை: லிவர்பூலின் 2025 இடமாற்றங்கள் – ஓர் இரசிகரின் பார்வை

2025 ஏப்ரல் 27 ஆம் திகதி அன்பீல்ட் மைதானத்தில் டொட்டன்ஹாம் அணியை 5–1 என்ற கோல் கணக்கில் வென்று, லிவர்பூல் கழகம் இங்கிலாந்து பிரிமியர் லீக் கிண்ணத்தைத் தனதாக்கியது. அது அக்கழகத்தின் 20 ஆவது முதற்பிரிவுச் சம்பியன் பட்டம். அதன் மூலம் மன்செஸ்டர் யுனைடெட்டின் சாதனையை லிவர்பூல் சமப்படுத்தியது. 30 வருடக் காத்திருப்புக்குப் பிறகு 2020 இல் பட்டம் கிடைத்தபோது, கொரோனாவினால் மைதானத்தில் இரசிகர்கள் எவரும் இருக்கவில்லை. எனவே இந்த முறைதான் மக்கள் கண்முன்னே கிண்ணம் கையில் வந்தது.

அன்றிலிருந்து நான்கு மாதங்கள் கடந்து, செப்டெம்பர் 1 ஆம் திகதி இடமாற்றக் காலம் மூடப்பட்டபோது, அந்த அணி அதே அணியாக இருக்கவில்லை. அன்று டொட்டன்ஹாமுக்கு எதிராகத் தொடக்கப் பதினொருவரில் ஆடிய இருவர் வேறு நாடுகளுக்குப் போய்விட்டார்கள். இன்னொருவர் தனது நிரந்தர இடத்தை இழந்தார். முன்கள வீரர்களில் மூவர் அணியில் இல்லை. அந்த மூவரில் ஒருவர் இந்த உலகத்திலேயே இல்லை.

வீரர்கள் வருவதும் போவதும் கழக உதைபந்தாட்டத்தில் ஒவ்வொரு கோடையிலும் நடப்பதுதான். ஆனால் கிண்ணம் வென்ற அணி ஒன்று, வென்ற சூட்டோடு இவ்வளவு மாறியது அபூர்வம். யார் போனார், யார் வந்தார், ஏன் போனார், எவ்வளவு பணம், அதன் விளைவு என்ன என்பவற்றை ஒரே இடத்தில் தொகுத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். 2025 ஆம் ஆண்டு முடிவு வரையான நிலவரமே இங்கு கருத்தில் கொள்ளப்பட்டுள்ளது. தரவுகள் பொதுவானவை. தீர்ப்புகள் ஓர் இரசிகருடையவை.

இடமாற்றக் காலம் எப்படி இயங்குகிறது?

ஒரு வீரரை ஒரு கழகம் நினைத்த நேரத்தில் வாங்க முடியாது. வருடத்தில் இரண்டு காலங்கள் மட்டுமே அதற்குத் திறந்திருக்கும். ஒன்று கோடையில், மற்றையது ஜனவரியில். 2025 கோடையில் கழக உலகக் கிண்ணப் போட்டிகள் நடந்தபடியால், இங்கிலாந்தில் ஜூன் 1 முதல் 10 வரை ஒரு சிறப்புக் காலமும், பின்னர் ஜூன் 16 முதல் செப்டெம்பர் 1 வரை வழமையான காலமும் வழங்கப்பட்டன. செப்டெம்பர் 1 அன்று இங்கிலாந்து நேரம் இரவு 7 மணிக்குக் கதவு மூடப்பட்டது. எங்கள் கடிகாரத்தில் அது இரவு 11.30.

ஒப்பந்தம் நடைமுறையில் உள்ள வீரருக்கு, வாங்கும் கழகம் விற்கும் கழகத்திற்கு இடமாற்றத் தொகை கொடுக்க வேண்டும். ஒப்பந்தம் முடிந்த வீரர் தொகை எதுவுமின்றி விரும்பிய இடத்துக்குப் போகலாம். இந்த உரிமை 1995 டிசெம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பினால் கிடைத்தது. பெல்ஜியத்தைச் சேர்ந்த ஜோன்-மார்க் பொஸ்மன் என்ற சாதாரண வீரர் தொடுத்த வழக்கு அது. அதுவரை ஒப்பந்தம் முடிந்த பின்னரும் வீரரைக் கழகம் பிடித்து வைத்திருக்கக்கூடிய நிலை இருந்தது. இன்று நாங்கள் “துரோகம்” என்று திட்டும் பல வெளியேற்றங்கள், ஒரு தொழிலாளி போராடிப் பெற்ற உரிமையின் பயன்பாடுகளே என்பதை இரசிகர்கள் மறந்துவிடக் கூடாது.

ட்ரென்ட்: வீட்டுப் பிள்ளையின் வெளியேற்றம்

அந்த உரிமையைத்தான் ட்ரென்ட் அலெக்ஸாண்டர்-ஆர்னோல்ட் பயன்படுத்தினார். லிவர்பூல் நகரத்திலேயே பிறந்து, ஆறு வயதில் கழகத்தில் சேர்ந்து, 20 வருடங்கள் அங்கேயே வளர்ந்தவர். 2019 இல் ஐரோப்பிய சம்பியன்ஸ் லீக், 2020 இலும் 2025 இலும் பிரிமியர் லீக் எனக் கழகத்தோடு பெரிய கிண்ணங்களை வென்றவர். பார்சலோனாவை 4–0 என வீழ்த்திய 2019 அரையிறுதியில், எதிரணி நித்திரையில் இருக்க அவர் அவசரமாக அடித்த அந்த மூலை உதையை எந்த லிவர்பூல் இரசிகரும் மறக்க மாட்டார்.

மே 5 ஆம் திகதி தான் போவதாக அறிவித்தார். ஆறு நாட்களில், ஆர்சனலுக்கு எதிராக அன்பீல்டில் களமிறங்கியபோது சொந்த இரசிகர்களில் ஒரு பகுதியினரே அவரைக் கூச்சலிட்டு அவமதித்தனர். ஒப்பந்தம் ஜூன் 30 இல் முடியவிருந்தது. கழக உலகக் கிண்ணத்தில் அவரை ஆடவைப்பதற்காக ரியல் மட்ரிட் ஒரு சிறிய தொகையைக் கொடுத்து ஒரு மாதம் முன்னதாகவே அழைத்துக்கொண்டது. அவர் தரத்திலுள்ள வீரருக்குச் சந்தையில் கேட்கக்கூடிய விலையோடு ஒப்பிட்டால் அது சில்லறைக் காசு.

இங்கு பிழை யாருடையது? ஒப்பந்தத்தின் கடைசி வருடத்துக்குள் மூன்று முக்கிய வீரர்களை ஒரே நேரத்தில் போகவிட்டது கழக நிர்வாகம். முகமட் சலாவும் அணித்தலைவர் வேர்ஜில் வான் டைக்கும் ஏப்ரலில் புதிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். மூன்றாமவர் இடவில்லை. எனது பார்வையில், போனவரைவிடப் போகவிட்டவர்களிடமே கேள்வி கேட்கப்பட வேண்டும். ஆனாலும், ஊர்ப் பிள்ளை ஒருவன் ஊரை விட்டுப் போகும்போது கணக்கு வழக்கைப் பார்த்து மட்டும் மனம் ஆறிவிடுவதில்லை. கூச்சலிட்டவர்களின் செயல் சரியில்லை; அவர்களது நோவு பொய்யுமில்லை.

ஜூலை 3

2025 ஜூலை 3 ஆம் திகதி அதிகாலை, ஸ்பெயினின் சமோரா மாகாணத்தில் நடந்த வீதி விபத்தில் லிவர்பூலின் முன்கள வீரர் டியோகோ ஜொட்டாவும், அவரது தம்பி அந்த்ரே சில்வாவும் உயிரிழந்தார்கள். ஜொட்டாவுக்கு வயது 28, தம்பிக்கு 25. தம்பியும் போர்த்துக்கலில் தொழில்முறை உதைபந்தாட்ட வீரர். நீண்டகாலத் துணைவியை ஜொட்டா திருமணம் செய்து 11 நாட்களே ஆகியிருந்தன. மூன்று பிள்ளைகள். ஒரே வீட்டின் இரு ஆண்மக்களையும் ஒரே இரவில் இழந்த பெற்றோர்.

2020 இல் வுல்வ்ஸ் கழகத்திலிருந்து வந்த ஜொட்டா, லிவர்பூலுக்காக 182 போட்டிகளில் 65 கோல்கள் அடித்தவர். அவரது கடைசிக் கோல் 2025 ஏப்ரல் 2 அன்று எவர்ட்டனுக்கு எதிரான நகரப் போட்டியில் வந்தது. அந்தப் போட்டியில் விழுந்த ஒரே கோலும் அதுதான்.

ஜூலை 5 அன்று போர்த்துக்கலின் கொண்டோமார் நகரில் நடந்த இறுதிச் சடங்கில், வான் டைக்கும் அன்ட்ரூ ரொபட்சனும் அணிச் சட்டை வடிவிலான மலர்வளையங்களை ஏந்தி நடந்தார்கள். பின்னர் கழகம், குடும்பத்தோடு கலந்து பேசி, ஜொட்டா அணிந்த 20 ஆம் இலக்கத்தை ஆண்கள் அணி, பெண்கள் அணி, இளையோர் அணி என எல்லா மட்டங்களிலும் நிரந்தரமாக ஓய்வுக்கு உட்படுத்தியது. லிவர்பூல் தனது வரலாற்றில் ஓர் இலக்கத்தை இவ்வாறு ஒதுக்கியது அதுவே முதற் தடவை. 20 ஆவது பட்டத்தை வென்ற வருடத்தில், 20 ஆம் இலக்க வீரருக்காக.

இடமாற்றப் பட்டியலில் மற்ற எல்லா வெளியேற்றங்களுக்கும் எதிரே ஒரு தொகை எழுதலாம். இதற்கு எழுத முடியாது. அடுத்த நாட்களில் பயிற்சி தொடங்கியது, பத்தாம் நாள் பிரெஸ்டன் அணியோடு சினேகபூர்வப் போட்டி நடந்தது, புதியவர்கள் வந்து சேர்ந்தார்கள். சாவீடு கழியுமுன்னே அடுப்பு மூட்ட வேண்டிய நிலைமை எங்கள் மக்களுக்குப் புதிதல்ல. செய்ய வேண்டியதைச் செய்துகொண்டே துக்கத்தைச் சுமப்பதுதான் அந்த அணி அந்த வருடம் செய்த பெரிய வேலை. பிறகு வந்த தோல்விகளை எடைபோடும் எவரும் இதைத் தராசில் வைக்காமல் எடைபோட முடியாது.

டியாஸ்: போன பிறகு தெரிந்த அருமை

கொலம்பியாவின் லூயிஸ் டியாஸ் ஜூலை இறுதியில் ஜேர்மனியின் பயர்ன் மியூனிக் கழகத்துக்குப் போனார். தொகை ஏறத்தாழ 65 மில்லியன் பவுண். பட்டம் வென்ற பருவத்தில் லீக்கில் 13 கோல்கள் அடித்தவர். வயது 28. சம்பளத்தை உயர்த்திக் கேட்டிருந்தார். நல்ல விலை வந்ததும் கழகம் விற்றது. காகிதத்தில் பார்த்தால் பிழையில்லாத வியாபாரம்.

ஆனால் டியாஸ் என்றால் இரசிகர்களுக்கு நினைவுக்கு வருவது கோல் மட்டுமல்ல. 2023 ஒக்டோபர் 28 அன்று கொலம்பியாவின் பரன்காஸ் நகரில் அவரது தந்தையை ஈ.எல்.என். கெரில்லாக்கள் கடத்தினார்கள். அடுத்த நாள் நொட்டிங்ஹாம் பொரஸ்ட் அணியோடான போட்டியில் ஜொட்டா கோல் அடித்துவிட்டு, ஆட வராத டியாஸின் 7 ஆம் இலக்கச் சட்டையை உயர்த்திக் காட்டினார். நவம்பர் 5 அன்று லூட்டனுக்கு எதிராக மாற்று வீரராக வந்த டியாஸ், மேலதிக நேரத்தில் கோல் அடித்து அணியைத் தோல்வியிலிருந்து காப்பாற்றினார். சட்டையைத் தூக்கினார். உள்ளே, அப்பாவுக்கு விடுதலை வேண்டும் என்று எழுதியிருந்தது. நவம்பர் 9 அன்று தந்தை விடுவிக்கப்பட்டார். கொண்டு போனவர் திரும்பி வருவாரா என்று தெரியாமல் வாசலைப் பார்த்திருப்பது என்னவென்று எங்கள் மண்ணில் யாரும் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. அதனால்தான் எங்களில் பலருக்கு அவர் இன்னொரு முன்கள வீரர் மட்டுமாக இருக்கவில்லை.

ஆட்ட ரீதியாகவும் அவரது இழப்பு பெரிது. பந்தை இழந்த மறுகணமே எதிரணியைத் துரத்தும் வேலையை இடது பக்கத்தில் அவரே செய்தார். அந்த ஓட்டம் கோல் பட்டியலில் வராது. இல்லாமற் போனால் மட்டும் தெரியும்.

ஏனைய வெளியேற்றங்கள்

டார்வின் நுன்யேஸ் சவூதியின் அல்-ஹிலால் கழகத்துக்கு விற்கப்பட்டார். மூன்று வருடங்கள் பொறுத்திருந்து பார்த்த வீரர். இந்த முடிவு நியாயமானது. இளம் பின்கள வீரர் ஜரெல் குவான்ஸா லெவர்குசனுக்கும், கோல்காப்பாளர் கெல்லஹர் பிரென்ட்போர்ட்டுக்கும் போனார்கள். பென் டோக் போர்ன்மவுத்துக்குப் போனார். ஹார்வி எலியட் கடைசி நாளில் அஸ்டன் வில்லாவுக்குக் கடனாக அனுப்பப்பட்டார். இவர்களில் குவான்ஸாவின் விற்பனைதான் பின்னர் கழகத்தைக் கடித்தது.

வந்தவர்கள்

ஃப்ளோரியான் விர்ட்ஸ்: லெவர்குசனிலிருந்து 100 மில்லியன் பவுணுக்கு வந்த 22 வயது நடுக்கள வீரர். நிபந்தனைகள் நிறைவேறினால் இன்னும் 16 மில்லியன்.

அலெக்ஸாண்டர் இசாக்: நியூகாசிலிலிருந்து 125 மில்லியன் பவுண். பிரித்தானியக் கழகம் ஒன்று கொடுத்த அதிகூடிய தொகை இதுவே. எரித்திரியாவிலிருந்து வந்த பெற்றோருக்கு சுவீடனில் பிறந்தவர்.

ஹியூகோ எகிடிகே: பிராங்போர்ட்டிலிருந்து 69 மில்லியன், மேலதிகமாக 10 மில்லியன் வரை.

மிலோஷ் கெர்கெஸ்: போர்ன்மவுத்திலிருந்து 40 மில்லியன். இடது பின்களத்தில் ரொபட்சனின் இடத்துக்கு.

ஜெரமி ஃப்ரிம்பொங்: லெவர்குசனிலிருந்து 29.5 மில்லியன். வலது பக்கத்தில் ட்ரென்டின் இடத்துக்கு.

ஜியோவானி லியோனி: பார்மாவிலிருந்து வந்த 18 வயது மத்திய பின்கள வீரர். சுமார் 26 மில்லியன்.

இவர்களோடு, முந்தைய வருடமே ஒப்பந்தமான ஜோர்ஜியக் கோல்காப்பாளர் மமர்தாஷ்விலியும் வந்து சேர்ந்தார்.

மொத்தச் செலவு 400 மில்லியன் பவுணுக்கும் அதிகம். விற்பனை மூலம் ஏறக்குறைய அதில் பாதி திரும்பி வந்தது.

இவ்வளவு பணம் எப்படி?

பலர் கேட்கும் கேள்வி இது. பதில் கணக்குப் புத்தகத்தில் உள்ளது. வீரருக்குக் கொடுக்கும் தொகையைக் கழகங்கள் ஒரே வருடச் செலவாக எழுதுவதில்லை. ஒப்பந்த வருடங்களுக்குப் பிரித்து எழுதுகின்றன. ஆகக் கூடியது ஐந்து வருடங்கள். விர்ட்ஸுக்கான 100 மில்லியன், ஐந்து வருட ஒப்பந்தத்தில் வருடத்துக்கு 20 மில்லியனாகவே கணக்கில் விழும். ஆனால் ஒரு வீரரை விற்றால் கிடைக்கும் இலாபம் முழுவதும் அந்த வருடமே வரவாகும். கழகமே வளர்த்த பிள்ளைக்கு வாங்கிய விலை என்று ஒன்று இல்லை. எனவே அவரை விற்றால் வரும் தொகை முழுவதுமே இலாபம்.

2025 இல் நடைமுறையில் இருந்த பிரிமியர் லீக்கின் விதிப்படி ஒரு கழகம் மூன்று வருடங்களில் 105 மில்லியன் பவுணுக்கு மேல் நட்டம் காட்ட முடியாதிருந்தது. இந்த விதி, கழகங்கள் தாங்கள் வளர்த்த இளைஞர்களையே முதலில் விற்கத் தூண்டியது. கடன் வளராமல் தடுக்க வந்த சட்டம், வீட்டுப் பிள்ளையைச் சந்தைக்கு அனுப்பும் சட்டமாகவும் ஆகிவிட்டது. குவான்ஸாவின் விற்பனையை இந்த வெளிச்சத்தில் பார்த்தால் விளங்கும்.

லிவர்பூலைப் பொறுத்தவரை, 2024 கோடையில் அணியில் உடனடியாகச் சேர்ந்தவர் ஃபெடெரிக்கோ கியேசா ஒருவரே. அந்த வருடம் சேமித்தது, பட்டத்தினால் வந்த வருமானம், விற்பனை வரவு ஆகிய மூன்றும் சேர்ந்தே இந்தப் பெருஞ்செலவுக்கு இடம் கொடுத்தன.

நியூகாசில் இரசிகரின் பக்கம்

இசாக்கின் வருகையில் எங்களுக்கு இனித்தது, வேறொரு ஊருக்குக் கசந்தது. 2025 மார்ச்சில் லீக் கிண்ண இறுதிப் போட்டியில் லிவர்பூலை 2–1 என வென்று, நியூகாசில் பல தசாப்த வறட்சியை முடித்தது. அன்று ஒரு கோல் அடித்தவர் இதே இசாக். அடுத்த பருவத் தொடக்கத்தில் அவர் நியூகாசிலுக்காக ஆட மறுத்து ஒதுங்கியிருந்தார். ட்ரென்டைத் திட்டிய அதே வாய்கள் இசாக்கை வரவேற்றன. பலமான கழகம் எங்களிடமிருந்து எடுத்தால் அநியாயம், நாங்கள் எடுத்தால் திறமை என்று பேச முடியாது. அளவுகோல் ஒன்றாக இருக்க வேண்டும்.

விளைவு

ஓகஸ்ட் 15 அன்று முதற் போட்டியில் போர்ன்மவுத்தை 4–2 என வென்றார்கள். முதல் ஐந்து லீக் போட்டிகளிலும் வெற்றி. ஆனால் அவற்றில் பல கடைசி நிமிடங்களில் பிடுங்கிய வெற்றிகள். பிறகு சரிவு வந்தது. கிறிஸ்டல் பலஸ், செல்சி, மன்செஸ்டர் யுனைடெட், பிரென்ட்போர்ட் என லீக்கில் தொடர்ந்து நான்கு தோல்விகள். நவம்பரில் பொரஸ்ட் அணி அன்பீல்டுக்கே வந்து 3–0 எனவும், நெதர்லாந்தின் பி.எஸ்.வி. 4–1 எனவும் வென்றன. எல்லாப் போட்டிகளையும் சேர்த்து 12 ஆட்டங்களில் 9 தோல்விகள்.

காரணங்களை இப்படி வரிசைப்படுத்தலாம்.

முதலாவது, பின்களத்தில் மாற்று வீரர்கள் இல்லை. குவான்ஸா விற்கப்பட்டார். அவருக்குப் பதிலாக வந்த லியோனி, செப்டெம்பர் 23 அன்று தனது முதற் போட்டியிலேயே முழங்கால் தசைநார் அறுந்து அந்தப் பருவத்தையே இழந்தார். கிறிஸ்டல் பலஸின் மார்க் கெயி கடைசி நாளில் வருவதாக இருந்தது. மாற்றுவீரர் கிடைக்காததால் பலஸ் பின்வாங்கியது. 400 மில்லியனுக்கு மேல் செலவழித்த கழகத்தில் மத்திய பின்களத்துக்கு ஆள் தட்டுப்பாடு.

இரண்டாவது, வலது பக்கத்தின் பழைய தொடர்பு அறுந்தது. ட்ரென்ட் பின்னிருந்து அனுப்பும் நீண்ட பந்துகளில்தான் சலாவின் ஓட்டம் உயிர் பெற்றது. ஃப்ரிம்பொங் வேகமாக ஓடுபவர், பந்தை அனுப்பிவைப்பவரல்ல. நடுக்கள வீரர் சொபோஸ்லாயைக்கூட அங்கே நிறுத்த வேண்டி வந்தது. 2024–25 பருவத்தில் லீக்கில் 29 கோல்கள் அடித்த சலா, அடுத்த பருவத்தில் மங்கினார்; டிசெம்பரில் தனது மனக்குறையைப் பகிரங்கமாகவே சொன்னார்.

மூன்றாவது, விர்ட்ஸுக்கு இடம் கொடுப்பதற்காக, பட்டம் வென்று தந்த நடுக்கள மூவரின் சமநிலை குலைக்கப்பட்டது.

நான்காவது, இசாக் பருவத்துக்கு முந்திய பயிற்சி எதுவுமின்றி வந்தார். அவரது முதல் லீக் கோல் நவம்பர் 30 அன்றுதான் வந்தது. டிசெம்பர் 20 அன்று டொட்டன்ஹாமுக்கு எதிராகக் கோல் அடித்த அதே கணத்தில் கால் முறிந்தது.

ஐந்தாவது காரணத்தை மேலே ஜூலை 3 என்ற தலைப்பின் கீழ் எழுதியாயிற்று.

ஓர் இரசிகரின் தீர்ப்பு

ஒவ்வொரு இடமாற்றத்தையும் தனித்தனியே எடுத்தால் பெரும்பாலானவற்றை நியாயப்படுத்தலாம். எகிடிகே நல்ல தெரிவு என்பது சில மாதங்களிலேயே தெரிந்துவிட்டது. கெர்கெஸுக்கும் விர்ட்ஸுக்கும் வயது இருக்கிறது; காலம் கொடுக்க வேண்டும். பிழை, எல்லாவற்றையும் ஒரே கோடையில் செய்ததில் இருக்கிறது. ஒரே நேரத்தில் கூரையையும் மாற்றி, சுவரையும் இடித்து, அதே வீட்டில் குடியிருக்க முயன்றார்கள். பயிற்றுநர் ஆர்னே ஸ்லொட் பட்டம் வென்றது, ஜேர்கன் குளொப் விட்டுச்சென்ற அணியைக் குலைக்காமல் மெருகேற்றியதால். அந்தப் பொறுமையை இரண்டாம் வருடத்தில் கழகம் அவருக்குக் கொடுக்கவில்லை.

என்னிடம் கேட்டிருந்தால் டியாஸை இன்னொரு வருடம் வைத்திருப்பேன். குவான்ஸாவை விற்கும் முன் அனுபவமுள்ள பின்கள வீரர் ஒருவரை உறுதிசெய்திருப்பேன். இசாக்குக்காகக் கடைசி நாள் வரை காத்திருந்திருக்க மாட்டேன்.

அடுத்த இடமாற்றக் காலத்தில், உங்கள் கழகம் எதுவாயினும், பெரிய பெயர்களைக் கண்டு மயங்குமுன் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். போனவர் செய்த கண்ணுக்குத் தெரியாத வேலையை இனி யார் செய்வார்? ஒருவர் காயப்பட்டால் அடுத்தவர் யார்? புதியவர்கள் ஒருவரையொருவர் அறிய எத்தனை வாரங்கள் இருக்கின்றன? இந்த மூன்றுக்கும் விடையில்லாவிட்டால், எத்தனை மில்லியன் கொட்டினாலும் அது அணியாகாது, பெயர்ப் பட்டியலாகவே இருக்கும்.

டிசெம்பர் 27 அன்று அன்பீல்டில் லிவர்பூலும் வுல்வ்ஸும் மோதின. ஜொட்டா ஆடிய இரு ஆங்கிலக் கழகங்கள். அவரது இரு மகன்மாரும் வீரர்களின் கைபிடித்து மைதானத்துக்குள் வந்தார்கள். 20 ஆவது நிமிடத்தில் இரு பக்க இரசிகர்களும் எழுந்து நின்றார்கள். அன்றுதான் விர்ட்ஸ் தனது முதல் லீக் கோலை அடித்தார். லிவர்பூல் 2–1 என வென்றது. புதியவர் தனது கணக்கைத் தொடங்கினார். 20 ஆம் இலக்கச் சட்டையை மட்டும் இனி யாரும் அணியப் போவதில்லை.